வாய்விட்டுப் படித்தவர்கள்

ஜனவரி 11

மகனுக்கு,

நீ பத்தாம் வகுப்பு எழுதிய வருஷம் எது என்று கேட்டால் எனக்கு எண் சொல்லத் தெரியாது. ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து தண்டவாளமெல்லாம் துருப்பிடித்த வருஷம் அது. ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டி ஒரு பகலில் பொத்தென்று உட்கார்ந்து, பார்சல் ஆபீசுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் போனதும் அந்த வருஷம்தான். உன் அம்மாவுக்குப் பித்தப்பையிலிருந்து கல் எடுத்தார்கள். டாக்டர் அந்தக் கல்லை ஒரு சின்னச் சீசாவில் போட்டுக் கொடுத்தார். அவள் அதை நகை மாதிரி வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

ரயில் இல்லை என்றால் ஸ்டேஷனுக்கு ஆள் இல்லை. ஆள் இல்லை என்றால் என் ஸ்டாண்டில் சைக்கிள் இல்லை. வீட்டில் அம்மா படுத்திருந்ததால் நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் தகரக் கொட்டகைக்கு வந்துவிடுவாய். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே வாய்விட்டுப் படிப்பாய். தகரத்தில் பட்டு உன் குரல் திரும்பி வரும். பங்க்சர்காரர்தான் உனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். நீ வரத் தாமதமானால், "என்னப்பா, ரேடியோ இன்னிக்கு இன்னும் பாடலையே, கரண்டு போயிடுச்சா?" என்று கேட்பார். அப்புறம் ஸ்டேஷன் முழுக்க உனக்கு அதுதான் பெயர்.

நீ படித்ததெல்லாம் இன்னும் என் காதில் இருக்கிறது. எரிமலை ஏன் வெடிக்கிறது, எந்த ராஜா யாரைத் தோற்கடித்தான், இலை ஏன் பச்சை. என் கையெழுத்து ஒரு கட்டைவிரல்தான்; அது உனக்கே தெரியும். ஸ்டாண்டு குத்தகைக்காரர் எண் போட்ட டோக்கன் கொடுத்தார். எனக்கு எண் தெரியாது, மூலையில் போட்டேன். முகத்தைப் பார்ப்பேன், சைக்கிளைப் பார்ப்பேன், முடிந்தது. ஒரு நாளும் ஒருவன் சைக்கிளை இன்னொருவனுக்குக் கொடுத்ததில்லை.

இப்போது இதை ஏன் சொல்கிறேன் என்றால், அம்மா போன பிறகு உன் வீட்டில்தானே இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் மகள், நம் வாயாடி, என் கட்டிலில் சம்மணம் போட்டு அன்றைய பாடத்தை எனக்குச் சொல்லுவாள். அவளுக்கும் அது படிப்பு, எனக்கும் பொழுது. நீ என்ன செய்தாய்? புது வருஷம் பிறந்த கையோடு என் படுக்கையைச் சுருட்டி, பஸ் ஏற்றி, இந்தத் தையல்கடைப் பின்னறையில் கொண்டுவந்து விட்டாய். "பரீட்சை முடியட்டும்ப்பா" என்றாய். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஸ்டாண்டில் சைக்கிளை விடுகிறவன்கூட, எதற்காக விடுகிறான், எப்போது எடுப்பான் என்று சொல்லிவிட்டுப் போவான்.

என்ன தப்பு செய்தேன் என்று நேராகச் சொல்.

கடைக்காரி தையல்காரம்மா இதை எழுதுகிறாள். மேலே 'அன்புள்ள' என்று போடவா என்று கேட்டாள். இருக்கிற இடத்தில் போட்டுக்கொள்ளலாம், இப்போதைக்கு வெறும் மகனுக்கு என்று எழுது என்றேன்.

அப்பா


ஜனவரி 19

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இதை உங்களுக்குப் படித்துக் காட்டும் அம்மாவுக்கு என் வணக்கம். வெளியாள் படிப்பார் என்பதால் சுருக்கமாக எழுத நினைத்தேன். முடியவில்லை.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் உயிரியல் தாளில் இதயம் பற்றிப் பெரிய கேள்வி. படம் வரைந்து விளக்க வேண்டும். உடம்பிலிருந்து வரும் அசுத்த ரத்தத்தை வாங்குவது இதயத்தின் வலது பக்கம். சுத்த ரத்தத்தை உடம்புக்குத் தள்ளுவது இடது பக்கம். உங்கள் பேத்தி எல்லாவற்றையும் தலைகீழாக எழுதியிருக்கிறாள். அழகான படம், அழகான கையெழுத்து, முழுவதும் தப்பு.

ஏன் என்று கேட்டேன். "மொத நாள் நான் இடதுன்னுதான் சொன்னேனாம்ப்பா. தாத்தாவுக்கு ஞாபகம் இருக்கு. அவர் மறக்கவே மாட்டாரே" என்றாள்.

புத்தகத்தில் வலது என்று அச்சடித்திருக்கிறது. அவள் அதைப் படித்திருக்கிறாள். உங்களிடம் வலது என்று சொல்லியும் இருக்கிறாள். நீங்கள் "இல்லையே, அன்னிக்கு இடதுன்னு சொன்னியே" என்றீர்கள். அச்சை விட்டுவிட்டு உங்களை நம்பினாள். நான் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ரத்தத்தைச் சோதிக்கிறவன். கூட வேலை செய்கிறவரின் பிள்ளையும் அதே வகுப்பு. "உங்க வீட்டுல ரத்தம் ரிவர்ஸ்ல ஓடுதாமே" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

இப்போது உங்களை ஏன் அங்கே விட்டேன் என்று தெரிந்திருக்கும்.

இன்னொன்று. ஸ்டேஷனில் எனக்கு வைத்த அந்தப் பெயரை இனி எழுத வேண்டாம். அந்தக் கொட்டகையை நீங்கள் நினைப்பது வேறு, நான் நினைப்பது வேறு. நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டுமா இருந்தீர்கள்? முதல் தடவை எப்படிப் படித்தேனோ அதிலிருந்து ஒரு சொல் மாறக் கூடாது. 'ஆகையால்' என்று சொன்ன இடத்தில் அடுத்த நாள் 'எனவே' என்றால் போதும், "முதல்லேருந்து" என்பீர்கள். இரண்டும் ஒன்றுதான்ப்பா என்றால், "ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வச்சிருக்காங்க" என்பீர்கள். பங்க்சர்காரர் சிரிப்பார். போர்ட்டர் சிரிப்பார். நான் மறுபடி அந்தக் கோடியிலிருந்து நடந்து வருவேன். கடைசி வாரம் நான் வாயைத் திறக்கவே இல்லை, உதட்டை மட்டும் அசைத்தேன். உங்களுக்கு அது தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் மகளுக்கு அது வேண்டாம். அவள் அறை ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறேன். சுவரில் அட்டவணை. வாய்விட்டுப் படிப்பது கிடையாது. கண்ணால் படிக்க வேண்டும், கையால் எழுத வேண்டும். பரீட்சை ஹாலில் யாரும் ஒப்பிக்கச் சொல்வதில்லை.

மாத்திரைகளை மருமகள் மாதக் கடைசியில் கொண்டு வருவாள்.

இப்படிக்கு,
மகன்


ஜனவரி 28

மகனுக்கு,

உன் கடிதத்தைத் தையல்காரம்மா பாதி படித்துவிட்டு நிறுத்தினாள். "மீதியை அப்புறம் படிக்கட்டுமா பெரியவரே?" என்றாள். "நஞ்சைப் பாதி குடிச்சா பொழைச்சுக்கலாம்னு யாரு சொன்னாங்க, படி" என்றேன்.

சைக்கிள் ஸ்டாண்டுக்காரனிடம் விட்ட சைக்கிளைத்தான் திரும்ப வாங்கலாம். அது திருட்டுச் சைக்கிளா, சொந்தச் சைக்கிளா என்று நான் பார்ப்பதில்லை. அவள் முதல் நாள் இடது என்றுதான் சொன்னாள். கட்டிலில் புத்தகத்தை விரித்து, படத்தில் விரலை வைத்து, "இதோ பாருங்க தாத்தா, இந்த இடது பக்கம் நீலமா இருக்குல்ல, இதுதான் கெட்ட ரத்தம்" என்றாள். விரல் எங்கே இருந்தது என்றுகூட எனக்குத் தெரியும்.

இதைத் தையல்காரம்மாவிடம் சொன்னேன். அவள் துணி கொடுக்க வந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியிடம் அந்தப் புத்தகத்தை வாங்கி, பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பெரியவரே, படத்துல இருக்கிற ஆள் நம்மளப் பாத்து நிக்கிறான். அவன் வலது நமக்கு இடது. எதிர்ல நிறுத்தி அளவெடுக்கிற எனக்கே இதுல தடுமாறும். ஒரு போலீஸ்காரர் சட்டைக்குப் பையை மாத்தி வெச்சுட்டு, அவர் வந்து நின்ன நெலையில மெஷினுக்கு அடியில ஒளிஞ்சுக்கலாமான்னு ஆயிடுச்சு" என்றாள். என் விரலைப் பிடித்து அந்தப் படத்தின் மேல் வைத்துக் காட்டினாள். புரிந்தது.

ஆக, அவளும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துச் சொன்னாள். அவளைக் கூப்பிட்டு இதைச் சொல்லு. உன் மார்பில் அவள் கையை வைத்துக் காட்டு, ஒரு நிமிஷ வேலை. அதற்கு அப்பனை ஊர் மாற்ற வேண்டியதில்லை.

ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டினேன் என்கிறாய். அவள் வாயால் படிக்கிறவள்டா. சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே தெரியும், தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று. சொல்லிக்கொண்டே வருவாள், ஒரு இடத்தில் நிற்பாள், "இருங்க தாத்தா, இது எனக்கே சரியா புரியலை" என்று புத்தகத்தைத் திறப்பாள். அந்த நிற்கிற இடம்தான் படிப்பு. மௌனமாகப் படித்தால் கண் நழுவிக்கொண்டு போகும், நிற்கவே நிற்காது.

நான் வேண்டாம் என்றால் போகட்டும். மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்காருகிறாளே, அவள் முன்னால் சொல்லட்டும். நீயே உட்காரலாம். உட்கார்ந்து கேள். திருத்தாதே.

'முதல்லேருந்து' என்று சொன்னேன் என்று குறை எழுதியிருக்கிறாய். சொன்னேன். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது நீ முதலில் சொன்னது ஒன்றுதான். அதைத்தான் பிடித்துக்கொள்ள முடிந்தது. படித்த அப்பன் கிடைத்திருந்தால் 'எனவே', 'ஆகையால்' இரண்டும் ஒன்று என்று ஒத்துக்கொண்டிருப்பான். உனக்குக் கிடைத்தது நான். நீ பாஸ் ஆனாய். இன்றைக்கு நீ போடுகிற வெள்ளைக் கோட்டில் அந்தத் தகரத்தின் துரு கொஞ்சம் இருக்கும், தேடிப் பார்.

அப்பா


பிப்ரவரி 14

அப்பாவுக்கு,

மருமகளிடம் நீங்கள் சொல்லி அனுப்பியதை அவள் இரண்டு நாள் செய்து பார்த்தாள். வார்டிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், மகள் ஒப்பித்தாள். கேட்டுக்கொண்டே இவள் தூங்கிப்போனாள். அவள் அம்மாவின் மூக்கைக் கிள்ளினாள். இருவரும் ஒருமணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அட்டவணையில் அந்த ஒருமணி நேரம் வேதியியலுக்கு உரியது. நான் அதை நிறுத்திவிட்டேன்.

இதயப் படத்தை அவளுக்கு விளக்கினேன். புரிந்துகொண்டாள். 'தாத்தா சொன்னாரா?' என்று கேட்டாள். இல்லை, புத்தகத்தில் இருக்கிறது என்றேன்.

மாதிரித் தேர்வு நடந்தது. எல்லாப் பாடங்களிலும் மதிப்பெண் ஏறியிருக்கிறது. கணிதத்தில் வகுப்பிலேயே இரண்டாவது. ஆகவே என் முறை தவறு என்று நீங்கள் சொல்ல முடியாது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரம், தயவுசெய்து தாழியை உடைக்காதீர்கள். மருமகளிடம் எதுவும் சொல்லி அனுப்ப வேண்டாம்.

ஒரே ஒரு விஷயம். வாயை மூடிப் படி என்று நான் சொன்னதை அவள் எனக்கு எதிராகவே திருப்பிவிட்டாள். படித்து முடித்த பிறகும் என்னிடம் வாயைத் திறப்பதில்லை. எதுவானாலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் முன்னால் வைக்கிறாள். 'பசிக்கிறது.' 'பேனா தீர்ந்துவிட்டது.' 'விளக்கு கண்ணில் அடிக்கிறது.' நானும் முதலில் சிரித்தேன். குறும்பு என்று நினைத்தேன். அவள் அம்மாவிடம் பேசுகிறாள், பால்காரரிடம் பேசுகிறாள். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுகிறாள்.

உங்களுக்கு ஏதாவது எழுதினாளா?

பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும்.

மகன்


பிப்ரவரி 22

மகனுக்கு,

எனக்கு எழுதவில்லை. எனக்கு எழுதிப் பயன் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கடைசி வாரம் நீ உதட்டை மட்டும் அசைத்தது எனக்குத் தெரிந்ததா என்று போன மாதம் கேட்டிருந்தாய். தெரியும். தகரம் சும்மா இருந்தது, அதிலேயே தெரிந்தது. பங்க்சர்காரர் வந்து, "ரேடியோ வால்வு போயிடுச்சு போலிருக்கே. நீதான் ரொம்பத் திருகிட்டே" என்றார். அதற்குள் வேலைநிறுத்தம் முடிந்தது. ரயில் ஓடிற்று. சைக்கிள் வந்து கொட்டகை நிரம்பிற்று, நான் வேலையைப் பார்த்தேன்.

அந்த வாரத்துக்கு அப்புறம் நீ என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு போஸ்ட் கார்டு நிறையாது. 'வர்றேன்ப்பா', 'சாப்பிட்டீங்களா', 'பரீட்சை முடியட்டும்ப்பா'. நீயும் துண்டுச் சீட்டுத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாய், காகிதம் இல்லாமல்.

மதிப்பெண் ஏறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். என் மகனும் நல்ல மதிப்பெண்தான் வாங்கினான்.

பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும் என்று நானும் அப்போது நினைத்தேன். இன்றைக்கு எனக்கு எத்தனை வயது என்று மருமகளைக் கேட்டுப் பார்.

ஜன்னல் பேப்பரைக் கிழி.

அப்பா


மார்ச் 7

அப்பாவுக்கு,

நேற்று உங்கள் கடை வாசலில் நான் சொன்னதைப் பற்றி எழுதுகிறேன்.

பள்ளியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார்கள், 'உங்கள் மகள் வரவில்லை, உடம்பு சரியில்லையா?' என்று. வீட்டில் இல்லை. அவள் தோழியின் வீட்டில் இல்லை. பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. எங்கெங்கே தேடினேன் என்று உங்களுக்குத் தெரியாது. நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே அவசரப் பிரிவில் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு பஸ் ஏறி அங்கே வந்தால், துணி வெட்டும் மேஜையின் மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேசிக்கொண்டிருக்கிறாள். தெருமுனைவரை கேட்கிறது அவள் குரல். நான் உள்ளே வந்ததும் நின்றது.

அதனால்தான் சொன்னேன். சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு மட்டும் தையல்கார அம்மாவிடம் வருத்தம் தெரிவிக்கவும்.

திரும்பி வருகிற வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் ஒரு சீட்டுக் கொடுத்தாள். 'டிக்கெட்டுக்கு நன்றி.'

மகன்


மார்ச் 13

மகனுக்கு,

இதுதான் என் கடைசிக் கடிதம் என்று தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். "கோவத்துல சொல்றீங்க" என்றாள். "கோவத்துல சொன்னாலும் என் வாய்தானே" என்றேன்.

நீ சொன்னது, "உங்க ஞாபகம் உங்களோடயே போய்த் தொலையட்டும்ப்பா." சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறதா? இதிலும் ஒரு சொல் மாறியிருந்தால் சொல், முதலில் இருந்து எழுதச் சொல்கிறேன்.

அன்று என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காலையில் நான் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். யூனிபாரத்தோடு, பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். "தாத்தா, எனக்கு எல்லாம் தெரியுமான்னு எனக்கே தெரியலை. கேளுங்க" என்றாள். தையல்காரம்மா வெட்டு மேஜையைத் துடைத்துக் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்து ஆரம்பித்தாள். நிலம், நீர், ராஜாக்கள், கணக்கு, அமிலம், ஒளி. மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் அவள் சத்தம். சட்டை வாங்க வந்த ஒருவர் அப்படியே நின்று கேட்டார். "நான் படிக்கிறப்ப இவ்வளவு இல்லையேம்மா" என்றார். "நீங்க படிக்கிறப்ப இவ்வளவு நடக்கலை சார்" என்றாள். வாயாடி வாயாடிதான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கைப் பல்லுக்குள் வைத்திருந்தேன். எத்தனையோ இடத்தில் அவள் முன்பு சொன்னது வேறு, இப்போது சொல்வது வேறு. எனக்குத் தெரிகிறது. நாக்கு துடிக்கிறது. "சரியா தாத்தா?" என்று கேட்டாள். "புத்தகத்தைக் கேளு" என்றேன். பார்த்தாள். சில இடத்தில் அவள் சரி, சில இடத்தில் புத்தகம் சரி. தானே திருத்திக்கொண்டாள்.

இதயம் மட்டும் சொல்லவில்லை. அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்துப் புரட்டினாள். நானும் கேட்கவில்லை.

தெருவைக் கடந்து நீ வருகிறதை முதலில் நான்தான் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்ததும், தேடி அலைந்திருக்கிறான் என்று தெரிந்தது. எழுந்து தண்ணீர் கொடுக்கலாம் என்று செம்பை எடுத்தேன். அதற்குள் நீ சொல்லிவிட்டாய். செம்பை வைத்துவிட்டேன்.

அப்பா


ஜூன் 16

அப்பாவுக்கு,

நீங்கள் பதில் எழுத மாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். தையல்கார அம்மா, தயவுசெய்து இதை முழுவதும் படித்துக் காட்டுங்கள்.

முடிவு வந்துவிட்டது. எல்லாவற்றிலும் உயர்ந்த மதிப்பெண், உயிரியல் தவிர. இதயம் பற்றிய கேள்விதான் வந்திருந்தது. அவள் அதற்கு எண்ணை மட்டும் போட்டு, ஒரு பக்கம் முழுவதும் வெறுமனே விட்டிருக்கிறாள். விடைத்தாளை விண்ணப்பம் போட்டு வாங்கிப் பார்த்தேன். முன் பக்கத்திலும் பின் பக்கத்திலும் நெருக்கமாக எழுத்து. நடுவில் அந்த வெள்ளைப் பக்கம். அவள் கேட்ட பிரிவில் இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு கேள்வி எழுதியிருந்தால் கிடைத்திருக்கும். இப்போது அவள் வேண்டாம் என்று சொன்ன பிரிவில்தான் சேர வேண்டும்.

அவளுக்கு அது தெரியும். நானே சொல்லிக் கொடுத்தேன், என் மார்பில் அவள் கையை வைத்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். சீட்டில் 'தெரியவில்லை' என்று எழுதினாள். தெரியாது என்று எழுதவில்லை, தெரியவில்லை என்று எழுதினாள்.

ஜன்னல் பேப்பரைக் கிழித்துவிட்டேன். அட்டவணையை எடுத்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஏதாவது சொல்லும்மா, பாடமாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்கிறேன் என்றேன். நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்தாள். அப்புறம் எழுதிக் கொடுத்தாள். 'பரீட்சை முடிஞ்சிருச்சுப்பா.'

நீங்கள் வந்துவிடுங்கள். உங்கள் கட்டில் அப்படியே இருக்கிறது. உங்களிடம் பேசுவாள். ஏன் எழுதவில்லை என்று உங்களிடம் சொல்லுவாள். கேட்டு எனக்குச் சொல்லுங்கள். வாசலில் சொன்னதை மறந்துவிடுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. யாரிடம் அதைக் கேட்கிறேன் என்பதும் தெரிகிறது.

மகன்


ஜூன் 29

மகனுக்கு,

இனி எழுத மாட்டேன் என்று சொன்னவன்தான் எழுதுகிறேன். தையல்காரம்மா அதைச் சொல்லிக் காட்டவில்லை, பேனாவை எடுத்துக்கொண்டாள்.

நான் வரவில்லை. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறாய். நான் வந்தால் அவள் என்னிடம் பேசுவாள், உண்மைதான். நீ அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாய். உனக்கு வேண்டிய பேச்சு அதுவா?

போன வாரம் மருமகள் மாத்திரை கொண்டுவந்தபோது உன் மகளும் கூட வந்தாள். உன்னிடம் சொன்னார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கவில்லை, அதனால் சொல்கிறேன். பரீட்சை ஹாலில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்ததாம். சரியான விடை எது என்று நன்றாகத் தெரியுமாம். வலது என்று எழுதப் போனாளாம். என் முகம் வந்ததாம். இடது என்று நினைத்தால் உன் முகம் வந்ததாம். "எந்தப் பக்கம் எழுதினாலும் வீட்ல ஒருத்தர் தோத்துப் போவாங்க தாத்தா" என்றாள். "அதான் விட்டுட்டேன்."

நாம் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். ஒரு பிள்ளை படிப்பதற்கு நாம் செய்த உதவி இது. ஒரு கேள்வி, அதில் நாம் தோற்காமல் இருக்க அவள் தோற்றாள். படத்தில் இருக்கிறவன் நம்மைப் பார்த்து நிற்கிறான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அவள் நம்மைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது உனக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒன்று கேட்டாள். "அப்பா எப்பவுமே இப்படித்தானா தாத்தா? சின்ன வயசுலயும் பேசவே மாட்டாரா?" கொட்டகையைப் பற்றிச் சொன்னேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீ கத்திக்கொண்டு நடந்ததை, தகரம் அதிர்ந்ததை, ஸ்டேஷனுக்கே உன் குரல் தெரிந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "சும்மா சொல்லாதீங்க தாத்தா" என்று சிரித்தாள். "நீங்க இடதுன்னு சொன்னவர். வேற யாராவது பாத்தவங்க சொன்னா நம்பறேன்" என்றாள்.

என் ஞாபகத்தின் மேல் முன்பெல்லாம் உலகத்துக்கே நம்பிக்கை இருந்தது. இப்போது அவளுக்கும் இல்லை. சரி, வேறு சாட்சி தேடிப் பார்த்தேன், மனசுக்குள்ளேயே.

உன் அம்மா படுக்கையிலிருந்து எழுந்து முதல் தடவை நடந்து வந்தது அந்தக் கொட்டகைக்குத்தான், நீ படிக்கிறதைக் கேட்க. வாசல் கல் மேல் உட்கார்ந்து கேட்டாள். அவள் போய்விட்டாள். பங்க்சர்காரர், உனக்குப் பெயர் வைத்தவர், அடுக்கின டயர்கள் மேலேயே சாய்ந்தபடி போனார். போர்ட்டர், உன் பின்னாலேயே மூட்டை இல்லாத தலையோடு நடந்து உன்னை மாதிரியே செய்து காட்டுவாரே, தெற்கு வாசலில் வண்டி மோதி, மறு வருஷமே. டிக்கெட் பரிசோதகர் வேலைநிறுத்தத்தில் பொழுது போகாமல் வந்து, "அந்த எரிமலையை இன்னொரு தடவை வெடிப்பா" என்று கேட்பார். அவர் ஓய்வு வாங்கிப் போன ஊரிலேயே போய்விட்டதாகக் கேள்வி. பார்சல் குமாஸ்தாவும் இல்லை. நான் இருக்கிறேன், ஆனால் என் சாட்சி செல்லாது என்று நீயும் உன் மகளும் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள்.

ஆகையால், அல்லது எனவே, எது உனக்குப் பிடிக்குமோ அதைப் போட்டுக்கொள், அவளிடம் போய் இதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான் மிச்சம். சீட்டில் எழுதிக் கொடுத்தால் நம்பமாட்டாள். வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நடுவில் ஒரு சொல் மாறினால் மாறட்டும், திருத்த அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில், என்னைக் கழித்துவிட்டால், இன்றைக்கு உயிரோடு இருப்பது ரேடியோ ஒருவன்தான்.